லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்?

நாளை மழை வருமா என்று இன்று செல்பேசியில் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் ஓடும் கணக்கை, கணினி பிறப்பதற்கு முன்பே கையால் போட்டுப் பார்த்தவர் இவர். பிறந்தது 1881 அக்டோபர் 11, வட இங்கிலாந்தின் நியூகாசிலில். தோல் பதனிடும் தொழில் நடத்திய குவேக்கர் குடும்பம். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. குவேக்கர்கள் போரை அறவே மறுக்கும் கிறித்தவப் பிரிவினர். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் வாழ்க்கையின் பாதித் திருப்பங்கள் விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு, தொகை நுண்கணிதத்தையும் வகை நுண்கணிதத்தையும் கூட்டல் கழித்தலாக உடைத்துவிடலாம் என்று அவர் பிடித்த பிடிவாதம்.

கணிதத்தில் பட்டம் பெற்றவரா?

இல்லை. 1903-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியது இயற்கை அறிவியலில். அதன் பிறகு தேசிய இயற்பியல் ஆய்வகம், அபெரிஸ்ட்வித் கல்லூரி, சதுப்பு நிலத்தில் பீட் என்ற கரிமக்கரி எடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளர் வேலை, மறுபடி அதே ஆய்வகம், மின்விளக்குத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம், மான்செஸ்டரில் ஓராண்டு ஆசிரியர் வேலை என்று பத்தாண்டு அலைந்தார். 1913-ல்தான் வானிலைத் துறைக்குள் வந்தார். ஸ்காட்லாந்தின் ஆளரவமற்ற எஸ்க்டேல்மியூர் ஆய்வு நிலையத்துக்குக் கண்காணிப்பாளர் பதவி.

அலைச்சல் வீண்போகவில்லை. அவருடைய முக்கியமான கணித முறை கரிமக்கரிச் சதுப்பில் முளைத்தது.

சதுப்புக்கும் கணிதத்துக்கும் என்ன தொடர்பு?

சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. மண்ணுக்குள் நீர் நகர்வது லாப்லாஸ் சமன்பாடு என்ற நுண்கணிதச் சமன்பாட்டுக்கு உட்பட்டது. பாடநூல் தீர்வுகள் வட்டம், செவ்வகம் போன்ற ஒழுங்கான வடிவங்களுக்குத்தான் கிடைக்கும். கால்வாய் வெட்டிய சதுப்பு அப்படி இருக்காது. முதலில் வரைபடத்தில் கோடு வரைந்து திருத்தித் திருத்தித் தீர்த்தார். பிறகு எண்களுக்கு வந்தார்.

பரப்பின்மேல் ஒரு சதுரக் கட்டம் போடுங்கள். விளிம்புப் புள்ளிகளின் மதிப்பு தெரியும். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஊகத்தை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போங்கள். திருத்தம் சுருங்கிச் சுருங்கி நிற்கும் இடத்தில் விடை. லாப்லாஸ் சமன்பாட்டுக்குக் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதைவிடச் சிக்கலான சமன்பாட்டை எடுத்து, ஒரு கல் அணைக்குள் தகைவு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்ட அவருடைய கட்டுரை 1911-ல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது.

கணக்குப் போட்டது சம்பளப் பையன்கள். ஒரு புள்ளிக்குக் கூலி, எண்ணின் இலக்கங்களைப் பதினெட்டால் வகுத்தால் வரும் பென்னி. மூன்று இலக்க எண் என்றால் புள்ளிக்கு ஒரு பென்னியில் ஆறில் ஒரு பங்கு. வேகமான ஒரு பையன் வாரம் 2,000 புள்ளி முடித்தான். தவறானவற்றுக்குக் கூலி கிடையாது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு ஏறத்தாழ 1 பவுண்டு 7 ஷில்லிங் 9 பென்னி வருகிறது. பையன்களுக்குப் பெருந்தொல்லை எது என்றும் எழுதியிருக்கிறார்: கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து வருவது. நிரல் எழுதும் இன்றைய மாணவரையும் அதே குறிதான் மாட்டிவிடுகிறது.

ரிச்சர்ட்சன் புறச்செருகல் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

கட்டத்தை நெருக்கினால் விடை துல்லியமாகும். ஆனால் வேலை பலமடங்கு கூடும். கட்ட அளவைப் பாதியாக்கினால் பிழை எத்தனை மடங்கு குறையும் என்பது தெரிந்திருந்தால், இரண்டு சுமாரான விடைகளிலிருந்து ஒரு நல்ல விடையைக் கறந்துவிடலாம். அவர் 1911 கட்டுரையிலேயே இதைப் பயன்படுத்தினார். 1927-ல் விரிவாக எழுதினார்.

வட்டத்துக்குள் வரைந்த பல்கோணத்தால் பை மதிப்பைக் காண்போம். விட்டம் 1 என்றால் ஆறு பக்க உருவின் சுற்றளவு சரியாக 3. பன்னிரண்டு பக்கத்துக்கு 3.105829. இங்கே பிழை பக்க எண்ணிக்கையின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது; அதாவது பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பிழை நான்கில் ஒன்றாகும். எனவே நெருக்கமான விடையை நான்கால் பெருக்கி, பழைய விடையைக் கழித்து, மூன்றால் வகுக்க வேண்டும்:

(4 × 3.105829 − 3) ÷ 3 = 3.141105

பிழை 0.0358-லிருந்து 0.0005-க்கு இறங்கிவிட்டது. பல்கோணத்தை மட்டும் நம்பி இதே துல்லியத்துக்குப் போக 103 பக்கம் வரைய வேண்டியிருக்கும். 24 பக்கத்துக்கு 3.132629 கிடைக்கும், அதை 12 பக்க விடையோடு சேர்த்தால் 3.141562. இந்தப் புதிய இரண்டையும் மறுபடி சேர்க்கலாம். இம்முறை பிழை பதினாறில் ஒன்றாகக் குறைவதால் 16-ஆல் பெருக்கி, பழையதைக் கழித்து, 15-ஆல் வகுக்க வேண்டும். விடை 3.1415925. ஏழாம் தசமத்தில்தான் பிசகு.

இது எப்போது காலை வாரும்?

பிழை எந்த விதிப்படி குறைகிறது என்பது தெரியாமல் நான்கு, மூன்று என்று போட்டால் விடை கெடும். உருவத்தில் உள்நோக்கிய கூர்மூலை இருந்தால் இருமடி விதி பொய்த்துவிடும். முதல் கட்டமே மிகவும் அகலமாக இருந்தாலும் விதி இன்னும் தொடங்கியிருக்காது. தசமங்களைச் சீக்கிரமே வெட்டிவிட்டால், கழிக்கும்போது வெட்டுப்பிழை பெரிதாகித் தெரியும். மேலே ஆறு தசமம் காட்டியிருந்தாலும் கடைசி விடைக்குப் பத்து தசமம் வைத்துத்தான் போட வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி: மூன்று கட்ட அளவுகளில் (ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி) விடை காணுங்கள். முதல் இரண்டின் வித்தியாசம், அடுத்த இரண்டின் வித்தியாசத்தைப்போல நான்கு மடங்கு இருந்தால் மேலே போகலாம். இரண்டு மடங்குதான் என்றால் பிழை ஒருமடி விதியில் குறைகிறது. அப்போது சூத்திரம் வேறு.

வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்பது அவர் கண்டுபிடிப்பா?

கருத்து அவருக்கு முந்தியது. நார்வேக்காரர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1904-லேயே, காற்றின் இன்றைய நிலையும் இயற்பியல் விதிகளும் தெரிந்தால் நாளைய நிலையைக் கண்டுவிடலாம் என்று எழுதினார். ஆனால் அவர் நம்பியது வரைபட முறையை. உட்கார்ந்து எண்ணாகப் போட்டுப் பார்த்தவர் ரிச்சர்ட்சன்.

அந்தக் கணக்கைப் போர்முனையில் போட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1916-ல் வேலையை விட்டுவிட்டு, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். பிரெஞ்சுக் காலாட்படையின் 16-ஆம் பிரிவோடு இணைந்த ஊர்திப் பிரிவில் காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் ஓட்டுநர். ஓய்வு முகாமின் குளிரில் ஒரு வைக்கோல் குவியலே அவருக்கு அலுவலகம். கையிலிருந்தது ஸ்லைடு ரூல் என்ற நகரும் கணக்குக் கோலும் தானே கோடு போட்ட கணக்குத் தாள்களும்.

1917 ஏப்ரலில் ஷாம்பேன் சண்டையின்போது கைப்பிரதியைப் பாதுகாப்புக்காகப் பின்னணிக்கு அனுப்பினார்கள்; அது தொலைந்துபோனது. பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. புத்தகமாக வந்தது 1922-ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தில்.

கணக்கை எப்படி அமைத்தார்?

தேர்ந்தெடுத்த நாள் 1910 மே 20, காலை 7 மணி. அன்று ஐரோப்பாவில் பல இடங்களில் பலூன் ஏற்றி மேல்காற்றை அளந்திருந்தார்கள். அந்த அளவுகளைப் பியர்க்னஸ் வரைபடமாக வெளியிட்டிருந்தார். நடந்து முடிந்த நாள் என்பதால் விடையைச் சரிபார்க்கவும் முடியும்.

மத்திய ஐரோப்பாவை, கிழக்கு மேற்காக 3 பாகையும் தெற்கு வடக்காக 200 கிலோமீட்டரும் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார். சதுரங்கப் பலகைபோல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் அழுத்தம், மற்றவற்றில் காற்றின் உந்தம். உயரவாக்கில் ஐந்து அடுக்கு. எல்லைகள் 2.0, 4.2, 7.2, 11.8 கிலோமீட்டர். இவை மனம்போனபடி வைத்தவை அல்ல. ஒவ்வோர் அடுக்கிலும் ஏறத்தாழ ஒரே எடைக் காற்று, சுமார் 200 மில்லிபார் (காற்றழுத்த அலகு), இருக்கும்படி வெட்டியவை.

பிறகு 23 கணக்குத் தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலை: ஒன்று நிறையின் வரவு செலவு, ஒன்று கதிர்வீச்சு, ஒன்று ஈரம், இப்படி. காற்று செங்குத்தாக எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்தக் காலத்தில் யாராலும் அளக்க முடியாது. அதை மற்ற அளவுகளிலிருந்து வருவிக்க ஒரு தனிச் சமன்பாட்டையே உருவாக்கினார். தாள்களை வரைந்து, இரண்டே இரண்டு செங்குத்துத் தூண்களுக்குக் கணக்கை முடிக்க ஆறு வாரத்தில் பெரும்பகுதி பிடித்தது என்று எழுதியிருக்கிறார். கிடைத்தது ஆறு மணி நேரத்துக்கான மாற்றம்.

விடை?

மியூனிக் பக்கத்து இடத்தில் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. அன்று உண்மையில் அங்கே அழுத்தம் ஏறத்தாழ அசையவே இல்லை. கடும்புயல் கரையைக் கடக்கும்போதுகூட அழுத்தம் இவ்வளவு மாறுவதில்லை.

எங்கே தவறு? கூட்டலில் பிசகா?

கூட்டல் பெரும்பாலும் சரி. அயர்லாந்தின் வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே எண்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார். அதே 145-தான் வந்தது. தவறு தொடக்க நிலையில் இருந்தது.

தரையில் நாம் அளக்கும் அழுத்தம் என்பது தலைக்குமேல் உள்ள காற்றுத் தூணின் எடை. தூணுக்குள் வரும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள வித்தியாசமே எடையின் மாற்றம். இயற்கையில் வரவும் செலவும் பெரிய தொகைகள். ஆனால் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுமையாக அடித்துவிடும். மீதி மிகச் சிறியது. அளவையில் இலேசான பிழை இருந்தாலும் அந்த மீதி பலமடங்கு ஊதிவிடும். போட்டுப் பாருங்கள்: ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏற, 400 கிலோமீட்டர் அகலத் தூணின் இரு பக்கங்களுக்கும் இடையே, எல்லா உயரத்துக்கும் சராசரியாக, வினாடிக்கு 2.7 மீட்டர் வேக வித்தியாசம் போதும். 1910-ன் பலூன் அளவைகளில் அதைவிடப் பெரிய பிசகு சாதாரணம்.

இன்னொரு வகையில் சொன்னால், அழுத்தமும் காற்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிலையிலிருந்து தொடங்கினால் வளிமண்டலம் குளத்தில் கல் விழுந்ததுபோல அலைபாயும். இவற்றை ஈர்ப்பு அலைகள் என்பார்கள் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்பலை வேறு, இது காற்றின் எடையால் எழுவது). உண்மையில் அந்த அலை ஏறிய வேகத்தில் இறங்கும். ரிச்சர்ட்சனோ ஒரு நொடியின் ஏற்றத்தை எடுத்து ஆறு மணி நேரத்துக்கு நீட்டிவிட்டார். லிஞ்ச் தொடக்க எண்களிலிருந்து இந்த வேக அலைகளை வடிகட்டிவிட்டு, அதே முறையில் கணக்கிட்டார். 145-க்குப் பதிலாக வந்தது −0.9 மில்லிபார்.

ரிச்சர்ட்சனே காற்றின் அளவைகளைத்தான் சந்தேகித்தார். பாதி வழி சரியாகவே போயிருந்தார். எங்கள் மதிப்பீட்டில், அவர் செய்த மிகப் பெரிய காரியம் இந்தத் தவறான விடையை ஒரு தாள்கூட மறைக்காமல் அச்சிட்டது. தாள்கள் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது.

காலப்படி பெரிதாக இருந்ததுதான் காரணம் என்று பாடநூலில் படித்தோமே?

பரவலான குழப்பம் இது. 1928-ல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் ஒரு விதியைக் காட்டினார்கள்: ஒரு காலப்படியில் மிக வேகமான அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் பிழை படிக்குப் படி பெருகிக் கணக்கு வெடித்துவிடும். வளிமண்டலத்தின் வேகமான அலை வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர். 200 கிலோமீட்டரைக் கடக்க 11 நிமிடம். ரிச்சர்ட்சன் வைத்திருந்த காலப்படி மூன்று மணி நேரம் (நடு நேரத்துக்கு முன் மூன்று, பின் மூன்று; அதனால்தான் ஆறு மணி நேர மாற்றம்). தொடர்ந்திருந்தால் கணக்கு நிச்சயம் வெடித்திருக்கும். ஆனால் அவர் போட்டது ஒரே ஒரு படி. பெருக வாய்ப்பே இல்லாத இடத்தில் பெருக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

64,000 பேர் கொண்ட கணக்குத் தொழிற்சாலை?

ரிச்சர்ட்சன் தன் நூலில் வரைந்த கற்பனைதான், ஆனால் கணக்கோடு கூடிய கற்பனை. ஒரு தூணின் வானிலையோடு ஈடுகொடுத்து ஓட 32 பேர் வேண்டும். உலகம் முழுவதும் 3,200 தூண்கள். வெப்பமண்டலத்தில் வானிலை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான் என்று கருதி, 2,000 தூண் போதும் என்றார். 32 × 2,000 = 64,000. வங்கக்கடல் ஓரத்தில் ஒரு நவம்பர் மாதத்தைக் கழித்திருந்தால் அந்த 1,200 தூண்களை அவ்வளவு எளிதாக விட்டிருக்க மாட்டார்.

நாடக அரங்கு போன்ற பெரிய மண்டபம். சுவரெங்கும் உலகப் படம். ஒவ்வொரு நாட்டின்மேலும் அந்தப் பகுதிக்குக் கணக்குப் போடும் ஆட்கள். நடுவே உயரமான தூணில் ஒரு மேற்பார்வையாளர். முந்தி ஓடுபவர்கள்மேல் செந்நிற ஒளியும் பிந்துகிறவர்கள்மேல் நீல ஒளியும் பாய்ச்சுவார். இன்று ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பங்கிட்டு, ஒன்று பிந்தினால் மற்றவை காத்திருக்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு இந்தப் படம் நன்றாகவே பழக்கம்.

வெற்றியைப் பார்க்க உயிரோடு இருந்தாரா?

இருந்தார். 1950-ல் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் மூவரும் எனியாக் கணினியில் முதல் முன்கணிப்புகளைப் போட்டார்கள். 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது. வேக அலைகளே எழாதபடி சமன்பாட்டைச் சுருக்கியிருந்தார்கள்; 1922-ன் பாடம் அது. சார்னி முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். அவர் தன் மனைவி டாரத்தியிடம் படங்களைக் காட்டி, நேற்றைய நிலை, கணித்த நிலை இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம் என்று பார்க்கச் சொன்னார். கணினி சற்றே முந்தியிருந்தது. தன் ஒற்றைத் தவறான விடையோடு ஒப்பிட்டால் இது மாபெரும் முன்னேற்றம் என்று பதில் எழுதினார்.

ரிச்சர்ட்சன் எண்ணை எப்படிக் கணக்கிடுவது?

காற்றடுக்கு அமைதியாகக் கிடக்குமா, கொந்தளிக்குமா என்று சொல்லும் எண் இது. மேலே இலேசான காற்றும் கீழே கனத்த காற்றும் இருந்தால் அடுக்கு கலையாமல் நிற்கப் பார்க்கும். காற்றின் வேகம் உயரத்தோடு மாறினால் அந்த உராய்வு கலைக்கப் பார்க்கும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

100 மீட்டர் உயர வித்தியாசத்தில் நிலைவெப்பம் (அழுத்த மாற்றத்தின் பங்கை நீக்கிய வெப்பநிலை) 300 கெல்வினிலிருந்து 301 ஆகிறது என்று வையுங்கள். 9.8 ÷ 300 × 0.01 = 0.000327. அதே உயரத்தில் காற்று வினாடிக்கு 5 மீட்டர் கூடினால், மீட்டருக்கு 0.05, இருமடி 0.0025. வகுத்தால் 0.13. எல்லைக்கோடு 0.25 என்பதால் அடுக்கு கொந்தளிக்கும். காற்று 2 மீட்டர்தான் கூடினால் எண் 0.82, அமைதி. சாதாரண வெப்பநிலையை நேராகப் போடுவதுதான் மாணவர்கள் செய்யும் தவறு. விடையின் குறியே மாறிப்போகலாம்.

கொந்தளிப்பு ஆய்வுக்குக் காய்கறி பயன்படுத்தினாராமே?

ஆமாம், பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கு. கடல்நீரில் மிதக்கும் இரண்டு துண்டுகள் எவ்வளவு வேகத்தில் பிரிகின்றன என்று அளக்க வேண்டியிருந்தது. அது நன்றாகக் கண்ணில் படும். ஏறக்குறைய முழுதும் அமிழ்ந்து மிதப்பதால் மேற்காற்று தள்ளாது. ஸ்காட்லாந்தின் லாக் லாங் கடற்கழியில் அமெரிக்கர் ஹென்றி ஸ்டொம்மலோடு செய்த இந்தச் சோதனை 1948-ல் கட்டுரையாக வந்தது.

சோதனையின் வேர் 1926-ல் இருக்கிறது. சிறு சுழல் அருகருகே உள்ளவற்றைப் பிரிக்கும். அவை தள்ளிப்போனதும் பெருஞ்சுழல் பிடித்துக்கொள்ளும். எனவே பரவும் வேகக் கெழு, இடைவெளியின் 4/3 மடிக்கு ஏற்ப வளர்கிறது என்றார். இடைவெளி பத்து மடங்கானால் கெழு ஏறத்தாழ 21.5 மடங்கு. 1941-ல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரவ் வேறு வழியில் கண்ட கொள்கை இதே மடியைத் தந்தது.

இவ்வளவு செய்தவர் வானிலைத் துறையை ஏன் விட்டார்?

1920-ல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனது. அவர் விலகினார். லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடியே கொந்தளிப்பு ஆய்வைத் தொடர்ந்தார். காற்றில் பொருள் எப்படிப் பரவுகிறது என்ற அந்த ஆய்வில் நச்சுப்புகை வல்லுநர்கள் ஆர்வம் காட்டத் தொடங்கியதும் அதையும் நிறுத்தி, அச்சேறாதவற்றை அழித்துவிட்டார் என்று டாரத்தி பதிவு செய்திருக்கிறார். 1926-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகியிருந்தவர், 1929-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வரானார். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எதிலும் அவர் இருந்ததில்லை. போர்களின் காரணங்களைக் கணக்கால் தேடிய அவருடைய ஆய்வு முழுவதும் மாலை நேரத்திலும் விடுமுறையிலும் செய்தது. அதற்கு முழுநேரம் ஒதுக்கவே 1940-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார்.

ஆயுதப் போட்டிக்குச் சமன்பாடா?

ஒரு நாட்டின் ஆயுதச் செலவு கூடும் வேகத்துக்கு மூன்று உறுப்பு வைத்தார். எதிரியின் ஆயுதம் தரும் அச்சம் அதை ஏற்றும். தன் செலவின் சுமை தரும் களைப்பு இறக்கும். பழைய மனக்குறை ஒன்று மாறிலியாக நிற்கும். எதிர்நாட்டுக்கும் இதே வடிவம். இரு களைப்புக் கெழுக்களின் பெருக்கற்பலன், இரு அச்சக் கெழுக்களின் பெருக்கற்பலனைவிடப் பெரிதானால் போட்டி ஓரிடத்தில் நிற்கும். சிறிதானால் ஓடிக்கொண்டே போகும்.

முதல் உலகப்போருக்கு முன் பிரான்சும் ரஷ்யாவும் ஒரு பக்கம், ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மறுபக்கம். இரு பக்கச் செலவையும் கூட்டினால், மில்லியன் பவுண்டில்: 1909-ல் 199.2, 1910-ல் 204.8, 1911-ல் 214.9, 1912-ல் 238.7, 1913-ல் 289.0. ஆண்டு ஏற்றத்தை, அந்த ஆண்டுகளின் சராசரிச் செலவுக்கு எதிரே புள்ளியிட்டால் நான்கும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. கோட்டின் சாய்வு 0.73, ஏற்றம் பூச்சியமாகும் இடம் ஏறத்தாழ 194. அந்த 194-க்கு மேல் உள்ள மிகுதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகிறது: 8, 16, 33, 70.

நான்கு புள்ளி கோட்டில் விழுந்ததற்காக மயங்க வேண்டாம். நான்கு புள்ளிக்கு இரண்டு கெழு பொருத்துவது பெரிய வித்தையும் அல்ல. போர் எப்போது வெடிக்கும் என்று இந்தச் சமன்பாடு சொல்லாது. மக்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையே இது காட்டுகிறது என்று அவரே எல்லை வகுத்திருந்தார்.

போர்களை எப்படி எண்ணினார்?

எது போர், எது கலகம், எது கொலை என்று பெயர் சூட்டத் தொடங்கினால் வாதம் முடியாது. அதனால் எல்லாவற்றையும் "சாவில் முடிந்த சண்டை" என்ற ஒரே கூடையில் போட்டு, இறந்தவர் எண்ணிக்கையின் பத்தடிமான மடக்கையால் வரிசைப்படுத்தினார். ஆயிரம் பேர் இறந்தால் 3, பத்து இலட்சம் என்றால் 6, ஒரு கொலை 0. இதில் இன்னொரு வசதி உண்டு. பழைய போர்களின் சாவுக் கணக்கு இருமடங்கு பிசகியிருந்தாலும் மடக்கையில் அது 0.3-தான், வகுப்பு பெரும்பாலும் மாறாது.

மடக்கை 3.5-க்கும் 4.5-க்கும் இடைப்பட்ட போர்களை எடுத்துக்கொண்டால், 1820 முதல் 1929 வரையான 110 ஆண்டுகளில் புதுப்போர் எதுவும் தொடங்காத ஆண்டு 65, ஒன்று தொடங்கியது 35, இரண்டு 6, மூன்று 4. தற்செயலாகத் தூவினால் பாய்சான் பரவல் தரும் எண்கள் 64.3, 34.5, 9.3, 1.7. ஆண்டுகள் போகப்போகப் போர் குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ சொல்ல அவர் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. பொது மொழி போரைத் தடுக்கிறது என்பதற்கும் கிடைக்கவில்லை. 1820 முதல் 1945 வரை இப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு இரண்டு உலகப்போர்களில் போனவர்கள். அதற்கடுத்த பெரும்பகுதி ஓரிருவர் சாகும் கொலைகள். நடு அளவுப் போர்கள் அனைத்தும் சேர்ந்தும் இந்த இரு முனைகளுக்கு ஈடாகவில்லை.

கடற்கரையின் நீளத்துக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

எல்லைகள் மிகுந்த நாடு மிகுதியாகப் போரிடுகிறதா என்று பார்க்க எல்லை நீளங்களைத் தேடினார். ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லை ஒரு நூலில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. நெதர்லாந்து-பெல்ஜியம் எல்லை 380, 449. யாரும் பொய் சொல்லவில்லை. சிறிய படியால் அளந்தவருக்கு வளைவுகள் கூடுதலாக அகப்பட்டன. படி சுருங்கச் சுருங்க நீளம் ஒரு மடி விதிப்படி ஏறுகிறது என்று கண்டார். அவர் இறந்த பிறகு 1961-ல் வெளியான அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, 1967-ல் கணிதவியலாளர் மாண்டல்பிராட் பின்னப் பரிமாணம் (கரை எவ்வளவு நெளிகிறது என்று சொல்லும் எண்; நேர்கோட்டுக்கு 1) பற்றி எழுதினார். பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25, மொழுமொழுவென்ற தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02.

தமிழ்நாட்டுக் கடற்கரை 906.9 கிலோமீட்டர் என்று பாடநூலில் மனப்பாடம் செய்தவர்கள், இப்போதைய அரசுக் கணக்கு 1,068.69 என்பதைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. நிலம் நீளவில்லை, அளக்கப் பயன்பட்ட படம் நுணுக்கமானது.

இதை நாமே அளந்து பார்க்கலாமா?

ஒரு நல்ல படமும் ஜியோமெட்ரி பெட்டியின் டிவைடரும் போதும். டிவைடரைப் படத்தின் அளவுகோலில் 100 கிலோமீட்டருக்கு விரித்து, கரையோரமாக நடத்தி, எத்தனை எட்டு வைத்தது என்று எண்ணுங்கள். கடைசியில் மிஞ்சும் துண்டைப் பின்னமாகச் சேருங்கள். பிறகு 50, 25, 12.5 கிலோமீட்டரில் அதையே செய்யுங்கள். படியின் மடக்கையைக் கிடை அச்சிலும் மொத்த நீளத்தின் மடக்கையைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் கீழ்நோக்கிய நேர்கோடு வரும். அதன் சாய்வு −0.25 என்றால் பரிமாணம் 1.25, படியைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் நீளம் 19 விழுக்காடு கூடும். 1.02 பரிமாணக் கரையில் ஒன்றரை விழுக்காடுகூடக் கூடாது.

புள்ளிகள் கோட்டில் விழவில்லை என்றால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. வைத்த எட்டுகள் பத்துக்கும் குறைவாக இருந்தால் தொடங்கும் இடத்தைப் பொறுத்தே விடை ஆடும். மூன்று நான்கு இடங்களில் தொடங்கிச் சராசரி எடுங்கள். படத்தில் வரைந்திருக்கும் வளைவைவிடச் சிறிய படி வைத்தால் நீளம் ஏறாமல் தட்டையாகிவிடும். அது கரையின் குணமல்ல, படம் வரைந்தவர் வழித்துவிட்ட வளைவுகளின் விளைவு. மூன்றாவது, கழிமுகத்துக்குள் ஒரு தடவை நுழைந்து மறுதடவை தாண்டிப்போவது. ஆற்றின் எந்த இடத்தில் கடல் முடிகிறது என்று தொடங்கும் முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

டைட்டானிக்கோடு அவருக்கு என்ன தொடர்பு?

1912 ஏப்ரலில் கப்பல் மூழ்கிய சில நாள்களுக்குள், ஒலியின் எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மே மாதம் நீருக்கடியில் ஒலி அனுப்பும் முறைக்கு இன்னொன்று. காசு போட ஆள் கிடைக்காததால் அதை மேற்கொண்டு வளர்க்கவில்லை.

எப்போது இறந்தார்?

1953 செப்டம்பர் 30 அன்று, ஸ்காட்லாந்தின் கில்மன் ஊரில், உறக்கத்தில். போர் பற்றிய அவருடைய இரு பெரிய நூல்களும் அச்சுப் புத்தகமாக வந்தது 1960-ல்.